மஹராகக் கேட்ட இன்ஜின்

1968 ஆகஸ்ட் 14

மழை. பசை காயவில்லை. நான் செய்துகொண்டிருக்கும் சின்ன இன்ஜினில், நீள மூக்கின் பக்கப் பலகை மறுபடி பிளந்துகொண்டது. தேயிலைப் பெட்டிப் பலகைக்கு ஈரம் ஆகாது, பப்படம் மாதிரி வீங்கிவிடும். உரித்தெடுத்து, திரும்ப ஒட்டி, மேலே இரண்டு செங்கல் ஏற்றி வைத்திருக்கிறேன்.

அண்ணன் ஸரூக் நானாவின் பெண்சாதி லரீபா மச்சி மாடிக்கு ஏறி வந்து, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"குமருப் பிள்ளைக்குக் கைவேலைன்னா லேஸ் பின்னுறது, தலகாணி உறைக்குப் பூப்போடுறது. இது என்ன கோச்சிப் பெட்டி?"

"இது பெட்டி இல்ல மச்சி. பெட்டிய இழுக்கிறது."

"இழுத்துக்கிட்டு நீ எங்க போகப்போறாய்?"

நல்ல கேள்விதான். பதில் இருந்தால் அவளுக்கே சொல்லியிருப்பேன்.

1968 ஆகஸ்ட் 21

கீழே எங்கள் இரும்புக்கடையில் ஆணி சுற்றிக் கொடுக்க, வாப்பா இருந்த காலத்திலிருந்தே பழைய பத்திரிகைகளை நிறுத்து வாங்குவது வழக்கம். துரைமார் பங்களாக்களில் இருந்து வரும் கட்டுகளில் இங்கிலீஷ் சஞ்சிகைகளும் இருக்கும். போன வருஷம் அப்படி ஒன்றில்தான் இந்த இன்ஜினைப் பற்றிப் படித்தேன். ஏழாம் வகுப்பு இங்கிலீஷும் கிழிந்த அகராதியும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். நான் பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், இல்லாவிட்டால் ஒரு நாளில் படித்திருப்பேன்.

டீசல் எரிந்து ஒரு எந்திரம் சுழலுமாம். ஆனால் அது சில்லை, அதாவது சக்கரத்தை, தொடுவதே இல்லையாம். அது கரண்ட் உண்டாக்கும், அந்தக் கரண்ட் கம்பி வழியாகப் போய்ச் சில்லோடு பூட்டிய மோட்டாரைச் சுற்றும். ஒன்றுக்குள் இரண்டு. உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற படம் அடுத்த பக்கத்தில் என்று போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் யாரோ ஒருவர் இரண்டு இறாத்தல் ஆணி சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நானாவிடம் சொன்னேன். "டீசலும் இல்ல, கரண்டும் இல்ல. ரெண்டுங்கெட்டான்னு சொல்லு" என்று சிரித்தார்.

1968 செப்டம்பர் 3

உடம்பு முடிந்தது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் கணக்கு. பின் சன்னலைத் திறந்தால் ஸ்டேஷன் யார்ட் முழுதும் தெரிகிறது, அதனால் கூரையின் விசிறிகள் வரைக்கும் சரியாக வந்திருக்கின்றன. குட்டை மூக்கு, டிரைவர் அறை, நீள மூக்கு. மஞ்சள் பட்டைக்கு நானாவின் கடை பெயின்ட். கைப்பிடிக் கம்பிகளுக்கு சைக்கிள் கம்பி. நீள மூக்கின் பக்கக் கதவுகள் ஒவ்வொன்றும் திறக்கும், மூடும். கீல்கள் பிஸ்கட் டின்னில் வெட்டியவை.

கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. தெரியாததை வைக்க எனக்கு மனம் வராது.

1969 ஜனவரி 26

மாப்பிள்ளை ஒன்று வந்திருக்கிறதாம். முந்திய இரண்டையும் நான் வேண்டாம் என்றவள். ஒருவர் பண்டாரவளையில் புடவைக்கடை, மற்றவர் மாணிக்கக்கல் தரகு. அதனால் உம்மா பயந்து பயந்துதான் தொடங்கினார்.

"நல்ல புள்ள. பேரு ஸலீம். கோச்சில வேலை. டீசல் இன்ஜின்ல டிரைவருக்கு அசிஸ்டன்."

"சரி" என்றேன்.

உம்மா தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சரி?"

"சம்மதம்."

மாலைக்குள் வீடு முழுக்கக் கதை: சன்னலில் நின்று நான் அவரைப் பார்த்து மயங்கிவிட்டேன் என்று. மச்சி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் அவர் முகத்தைக் கூடப் பார்த்ததில்லை. அந்தச் சன்னலில் நின்று நான் மனிதரைப் பார்த்ததே இல்லை.

1969 பெப்ரவரி 9

"மஹர் என்ன கேக்கிறாய்?" என்று உம்மா கேட்டார். சும்மா ஒப்புக்குக் கேட்டது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது அது. பெண் தன் வாயால் கேட்க வேண்டும், கொடுத்தபின் அது அவளுக்கு மட்டுமே சொந்தம். நம் ஊரில் யார் கேட்கிறார்கள்? மோதிரமோ சங்கிலியோ, ஆண்களே பேசி முடித்துவிடுவார்கள். பெண் வீட்டிலிருந்து போகிற சீதனத்தைத்தான் மாதக்கணக்கில் பேசுவது.

நான் கேட்டேன்.

"என்ன இன்ஜின்ல ஏத்தி, கதவுகளத் தொறந்து, உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் காட்டணும். அதான் மஹர்."

உம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று. பொருள்தான் மஹராக வேண்டும் என்றில்லை, குர்ஆன் ஓதிக் கொடுப்பதையே மஹராக வாங்கிய பெண்கள் இருந்திருக்கிறார்கள். சின்ன வயதில் ஓதிக்கொடுத்த லெப்பை சொன்னது எனக்கு மறக்கவில்லை.

நானா மாடிக்கு வந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"சரி, சரி. நான் சபையில பேசுறன்."

"உண்மையா?"

"ஒண்ட நானா பொய் சொல்றவனா?"

ஸரூக் நானா பொய் சொல்கிறவர் இல்லைதான். வாப்பா போனபின் எனக்கு வாப்பாவும் அவர்தான்.

1969 ஏப்ரல் 13

காவின், நிக்காஹ் எழுத்து, முடிந்தது. பெண் சபைக்குப் போவதில்லை. முன் மண்டபத்தில் ஆண்கள், எனக்காக நானா கை கொடுத்தார். உள் அறையில் பெண்டுகளின் இரைச்சலில் மஹர் சொன்ன இடம் என் காதில் விழவே இல்லை. நானா உள்ளே வந்ததும் கண்ணால் கேட்டேன். "எல்லாம் நீ சொன்ன மாதிரித்தான்" என்று தலையைத் தடவினார்.

மாப்பிள்ளை வீட்டு மோதிரம் ஒன்று போட்டார்கள். கொஞ்சம் பெரிது.

மாடிதான் எனக்குச் சீதனம். அவர் இங்கேயே வந்துவிட்டார். சன்னலும் யார்டும் எனக்கே மிஞ்சின. இன்றைக்கு யாரும் என்னைச் சந்தோஷமா என்று கேட்டால், ஓம், சந்தோஷம்.

1969 ஏப்ரல் 29

இன்ஜினைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பெண் தானாகக் கேட்கக் கூடாதாம்.

1969 மே 11

இன்றைக்குக் கேட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். "எண்ட மஹர் எப்ப?" என்றேன். விளையாட்டாகத்தான்.

"தந்தாச்சே. கையிலதானே போட்டிருக்கிறாய்."

மோதிரம்.

மோதிரம்தான் மஹராம். நானாதான் கேட்டாராம். சபையில், லெப்பைக்கு முன்னால், தன் வாயால். இன்ஜின் என்ற பேச்சே எழவில்லையாம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்காக இந்தக் கல்யாணத்துக்கு ஓம் என்றேன் என்பதையும். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். பிறகு கை துடைக்கிற துவாயை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

நானா, நீங்களா? வேற யாரும் செஞ்சிருந்தா நான் எரிச்சலோட விட்டிருப்பேன். நீங்க எப்படி? தலையத் தடவினீங்களே. அந்தக் கையாலயா?

1969 மே 12

கீழே போய்க் கேட்டேன். கடையில் ஆளில்லாத நேரம். நானா ஆணிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சபையில அத எப்படிச் சொல்ற? லெப்பை சிரிப்பார். ஊரே சிரிக்கும். அவங்க எழும்பிப் போயிருந்தா? மூணாவது மாப்பிள்ளயும் போனா ஒனக்கு யார் வருவான்? ஒண்ட நல்லதுக்குத்தான் செஞ்சன்."

"எண்ட நல்லத என்கிட்ட கேட்டீங்களா?"

"மெதுவாப் பேசு. ரோட்டுல ஆள் போகுது."

உம்மா குறுக்கே வந்து, "புருஷன் கோச்சிலதானே வேலை. இன்னக்கி இல்லன்னா நாளைக்கிக் காட்டுவார். இதுக்குப் போய்..." என்றார். எல்லோருக்கும் அது "இது"தான்.

1970 மார்ச் 2

மகள். றஷீதா என்று பெயர். அவரைப் போல நெற்றி.

1970 ஒக்டோபர் 18

மறுபடி கேட்டேன். இந்த முறை கெஞ்சி.

"ரூல் ஈக்கி. பொம்புளயள இன்ஜின்ல ஏத்தினா எண்ட வேலை போயிடும். பிள்ளைக்கு நீயா பால்மா வாங்குவாய்?"

ரூல் என்றால் ரூல். அரசாங்கத்தோடு நான் சண்டை பிடிக்க முடியுமா? அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியை ரூல் மேல் மாற்றிவிட்டேன்.

1971 ஏப்ரல் 22

ஊரடங்கு. கோச்சி ஓடுவதில்லை. இன்ஜின் ஒன்று நாள் கணக்கில் யார்டிலேயே நிற்கிறது. ஊரெல்லாம் பயந்து கதவைச் சாத்தியிருக்கிறது, நான் சன்னலைத் திறந்து நூல் பிடித்து அளக்கிறேன். இப்படி ஒரு பெண்ணா என்று உம்மா அழுகிறார்.

1971 ஜூன் 6

ஷெட்டில் இன்ஜின் கழுவும் முருகையா இப்போது தினமும் மதியம் இவருடைய சோற்றுக் கேரியரை எடுக்க வருகிறான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் லயத்து வீடு, நல்ல மனிதன், வாய் ஓயாது. இன்றைக்கு அவனைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கச் சொல்லிப் பென்சிலால் கோடு போட்டேன்.

"எதுக்கும்மா? சவப்பெட்டிக்கு அளவா?" என்றான்.

ஐந்தரை அடி. பிறகு சன்னலில் நின்று, இன்ஜின் பக்கத்தில் அவன் வாளியோடு நிற்கும்போது நூல் பிடித்தேன். இன்ஜினின் உயரம் இரண்டே கால் முருகையா. நான் செய்தது கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கூரையைக் கழற்றி உயர்த்த வேண்டும்.

1974 ஜனவரி 17

கடையில் சாமான் இல்லை. பெயின்ட் இல்லை, ஈயம் இல்லை, ஆணியும் கூப்பனுக்குப் போல எண்ணிக் கொடுக்கிறார்கள். பேக்கரியில் பாண் வாங்கும் வரிசை மணிக்கூட்டுக் கோபுரம் வரை நிற்கிறது. கண்ணாடி அலுமாரி வெறுமையாக இருப்பது வெட்கமாக இருக்கிறதென்று, என்னைக் கேட்காமல் நானா இன்ஜினைக் கொண்டுபோய் அதில் வைத்திருக்கிறார்.

பார்க்க வருகிறவர்களிடம் "ஜப்பான் சாமான்" என்கிறாராம். முருகையா கேரியர் எடுக்க வந்தபோது அதைச் சொல்லிச் சிரித்தான்.

1974 ஜனவரி 18

கீழே இறங்கினேன். பட்டப்பகலில், கடைக்குள் ஆண்கள் நிற்கும்போதே. முக்காட்டை இழுத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து, இன்ஜினை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். றஷீதாவைத் தூக்குகிற மாதிரி.

நானா பின்னாலேயே வந்தார். "செஞ்சது பொம்புளன்னு சொன்னா, பாக்க வாரவன் சாமானயா பாப்பான்?"

"ஜப்பானில பொம்புள இல்லயா?"

நானா படியிறங்கிப் போனார். மாலையில் மச்சி வந்து என்னோடு பேசாமல் சுவரோடு பேசிவிட்டுப் போனாள்.

1976 ஜூலை 4

இவர் டிரைவர் ஆகிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் மஸ்கட் அல்வா கிண்டினேன். எல்லோரும் போனபின், மஹரைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது அவர்தானே அங்கே பெரியவர்?

"டிரைவருக்குத்தான் ரூல் கூட" என்றார்.

1977 செப்டம்பர் 11

இனிமேல் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். இன்ஜினைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

1977 செப்டம்பர் 30

எடுத்துத் தூசி தட்டி, திரும்ப மேசைக்கு.

1979 செப்டம்பர் 22

நானா ஹஜ்ஜுக்குப் போகிறார். வியாபாரம் திரும்பவும் நிமிர்ந்துவிட்டது, கடவுச்சீட்டும் வந்துவிட்டது. வீட்டில் கால் வைக்க இடமில்லை, அத்தனை சனம்.

போகிறவர் ஊரெல்லாம் போய், "என்னப் பொருந்திக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் விட வேண்டும். நானா பஜாரில் கடை கடையாக ஏறி இறங்குகிறாராம். பகையாளிகளைக் கூடக் கட்டிப்பிடித்து அழுகிறாராம். ஹாலிஎல வரைக்கும் போய்வந்தாராம்.

மாடிக்கு இன்னும் வரவில்லை.

1979 செப்டம்பர் 23

வந்தார். உம்மா, மச்சி, இவர் எல்லோரும் இருந்தார்கள். அதனால்தான் அப்போது வந்தார் என்று நினைக்கிறேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தா நானாவப் பொருந்திக்கோ."

நரைத்துவிட்டார். கண் கலங்கித்தான் இருந்தது. வேஷம் என்று சொல்ல மாட்டேன்.

"தெரியாமச் செஞ்சதெல்லாம் பொருந்திக்கிட்டன்" என்றேன். "தெரிஞ்சி செஞ்சது ஒண்ணு ஈக்கி. அதப் பொருந்த மாட்டன்."

எந்த ஒன்று என்று அவர் கேட்கவில்லை. கையை மட்டும் விட்டார்.

1979 செப்டம்பர் 24

வீடு இரண்டுபட்டிருக்கிறது. உம்மா சாப்பிடவில்லை. "ஹஜ்ஜுக்குப் போறவன மறிக்கிறியே, நீ ஒரு முஸ்லிமா?" என்று மச்சி படியில் நின்று கத்தினாள், ரோட்டுக்குக் கேட்கும்படி. இவர்தான் எல்லோரையும் விட மோசம்.

"பத்து வரிசத்துக் கதைய இப்ப தூக்கிப் பிடிச்சிக்கிட்டு... மானம் போகுது. பொருந்திக்கிட்டேன்னு ஒரு சொல்லு. என்ன கொறஞ்சிடும்?"

"எண்ட மஹர் கொறஞ்சிருக்கு."

"அது என்னோட கணக்கு. உங்க நானாவ விடு."

"நீங்க தர ரூல் இல்லையே. மாத்தினவர் வாங்கித் தரட்டும்."

இவர் முகம் ஒரு மாதிரிப் போனது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

1979 செப்டம்பர் 26

நானா நேற்று ஷெட்டுக்குத் தானே போனாராம். ஷெட்டுக்குப் பொறுப்பான பெரியவரைக் கண்டு, தங்கச்சி ஒரு தரம் இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். "அதுக்கென்ன முதலாளி, வெள்ளிக்கிழமை கூட்டிக்கிட்டு வாங்க" என்றாராம் அந்த மனிதர்.

அவ்வளவுதான். ஒரு தேநீர் குடிக்கிற நேரம். பத்து வருஷமாக நான் மோதிக்கொண்டிருந்த சுவரில் கதவு இருந்திருக்கிறது, யாரும் தட்டவில்லை.

1979 செப்டம்பர் 28, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும்.

ஜும்மா முடிந்து நானா குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். இவர் நேற்றே நானுஓயாப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். ஷெட் பெரியவர் முருகையாவைக் கூப்பிட்டு, "நோனாவுக்கு எல்லாம் காட்டு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். நானா வெளியே நின்றார், வெள்ளைச் சாரனில் எண்ணெய் படும் என்று.

ஏறினேன். படிகள் செங்குத்து. நான் செய்த படிகளும் அப்படித்தான்.

டிரைவர் அறை சின்னது. எட்டு இடத்தில் நிற்கும் ஒரு கைபிடி, கடிகாரங்கள், கிழிந்த இருக்கை. அதில் இவர் விட்டுப்போன ஒரு குஷன், என் பழைய பாவாடைத் துணியில் நானே தைத்துக் கொடுத்தது. பிறகு பக்கத்து நடைபாதையில் நடந்தோம். முருகையா கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

இத்தனை வருஷமும் உள்ளே ஓர் அறை இருக்கிறது, அதில் ஆள் நின்று வேலை செய்யலாம் என்று நினைத்திருந்தேன். அறை இல்லை. அலுமாரி. கை நுழையக் கூட இடம் இல்லாமல் அடைத்து வைத்த அலுமாரி. டிரைவர் அறைக்குப் பின்னால் பெரிய பீப்பாய் மாதிரி ஜெனரேட்டர், அதோடு ஒட்டி டீசல் எந்திரம், இரண்டு வரிசையாக, நாம் இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கின மாதிரிச் சாய்ந்த தலைகள். தூரத்து முனையில் தண்ணீர் ஆறவைக்கும் இடம், அதற்கு மேல்தான் என் விசிறிகள். சூடு இன்னும் அடங்கவில்லை. எண்ணெய் மணம். இவர் சட்டையில் நான் துவைக்கிற அதே மணம்.

கீழே இறங்கிச் சில்லுகளையும் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்றும் மூன்றும் ஆறு. "நடுச் சில்லுக்கு மோட்டார் இல்லீங்கம்மா" என்றான் முருகையா. "அது இழுக்காது. பாரம் தாங்கிக்கிட்டு கூட ஓடும், அவ்வளவுதான்." எனக்கு அந்தச் சில்லோடு பழக்கம் போல இருந்தது.

சந்தோஷமாக இருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தக் கொஞ்ச நேரம் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

அப்போதுதான் முருகையா, கதவுகளை மூடிக்கொண்டே, எப்போதும் போல வாய் ஓயாமல் பேசினான்.

"நீங்க ஒருத்தங்கதாம்மா இன்னும் பாக்காம இருந்தீங்க. டிரைவர் அய்யா யாரையும் இல்லேன்னு சொல்ல மாட்டாரே. மொதலாளி வீட்டுப் புள்ளைங்க எத்தன தடவ ஏறியிருக்காங்க. பண்டாரவளையிலேருந்து அய்யாவோட தங்கச்சி புருஷனோட வந்தாங்க, ரெண்டு பேரையும் யார்டு முடியக் கொண்டு போய்ட்டு வந்தாரு. ஒங்க பொண்ணு... அது சீட்டுல குந்திக்கிட்டு எறங்க மாட்டேன்னு ஒரே அழுக."

"தங்கச்சியா? பொம்புளயா?"

"ஆமாங்க. ஏன்ம்மா?"

"ரூல் ஒண்ணு..."

"பெரியவருகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்ங்க. நிக்கிற இன்ஜின் தானுங்களே."

அவன் முகத்தைப் பார்த்தேன். பாவம், தான் என்ன சொன்னோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நானா ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குக் காது கேட்கவில்லை.

1979 செப்டம்பர் 29

காலையில் றஷீதாவுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டேன். பின்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"வாப்பா உம்மாட்ட சொல்லாதன்னு சொன்னாரு."

"எப்ப?"

"ஒவ்வொரு முறையும்."

பின்னி முடித்து ரிப்பன் கட்டி அனுப்பினேன். பிள்ளை மேல் கோபப்பட்டு என்ன?

மத்தியானம் இவர் வந்தார். முருகையா வழியிலேயே எல்லாவற்றையும் உளறியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பாத்தியா?"

"பாத்தன். நல்ல ரூல்."

பிறகு பேசினார், இந்தப் பத்து வருஷத்தில் பேசாததையெல்லாம் சேர்த்து.

"நீ என்னயா கட்டின? ரெண்டு மாப்பிள்ளய வேணாமின்ன. கோச்சி வேலைன்னதும் ஓமின்ன. எண்ட மூஞ்சையும் பாக்கல்ல, பேரையும் கேக்கல்ல. நீயேதான் எனக்குச் சொன்ன, கட்டி ஒரு மாசம் போகல்ல. ஊரில எல்லாரும் வந்து பாத்துட்டு எறங்கிப் போயிடுவாங்க. ஒனக்குக் காட்டி முடிச்சா, பொறகு நான் எதுக்கு?"

"இதப் பத்து வரிசத்துக்கு முந்திக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பாய்?"

அந்த மே மாதம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்த முதல் மாதம் அவர் சொல்வது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை, என் வாயாலேயே சொன்னேன். அதற்கப்புறம்? மலையில் மழையில் நனைந்து வந்த நாளெல்லாம் நான் சூடாக்கி வைத்த தண்ணீர் இன்ஜினுக்கா? அந்தக் குஷன்? நெஞ்சு வலி என்று படுத்தபோது ஆஸ்பத்திரித் தரையில் நான் படுத்தது யாருக்கு? எல்லாத்தயும் பாத்துக்கிட்டே இருந்துட்டு, இன்னும் என்ன இன்ஜினுக்கு வந்தவள்னே நெனச்சிருக்கார். நெனச்சிட்டு, என்கிட்ட ரூல் ரூல்னு... தங்கச்சிய ஏத்தலாம், பிள்ளய ஏத்தலாம், ஊர ஏத்தலாம். நான் மட்டும் சன்னல்ல நிக்கணும். நானா மாத்தினது ஒரே ஒரு தரம். இவர் ஒவ்வொரு தரமும்.

அழுதேன். அவர் பார்க்கும்படியே அழுதேன்.

1979 ஒக்டோபர் 3

உள்ளே வைக்கத் தொடங்கிவிட்டேன். ஜெனரேட்டருக்குப் பால்மா டின், டீசல் எந்திரத்தின் தலைகளுக்கு நூல்கட்டைகள். நூல்கட்டைகளைச் சாய்வாக ஒட்டுவதுதான் கஷ்டம், சரிந்து சரிந்து விழுகின்றன.

இவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் நான் இதை எடுத்தாலே எழும்பிப் போகிறவர்.

"அந்தப் பக்கத்தில தண்ணிக் குழாய் ஒண்ணு மேல ஏறும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு வளைவு" என்றார்.

கேட்காத மாதிரி இருந்தேன். அவர் கீழே போனபின் குழாயை வைத்தேன். இரண்டு வளைவோடு.

1979 ஒக்டோபர் 6

நானா காலைக் கோச்சியில் போய்விட்டார்.

பிளாட்பாரம் முழுக்கச் சனம், மாலை, பன்னீர். மச்சி என்னைப் பார்க்காமல் நின்றாள். பெட்டிச் சன்னலில் நானா தலையை வெளியே நீட்டி என்னைத் தேடினார். கேட்கத் துணியவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். சனத்தை விலக்கிக்கொண்டு கிட்டப் போனேன்.

"பொருந்திக்கிட்டன் நானா. முழுசாப் பொருந்திக்கிட்டன். போயிட்டு வாங்க" என்றேன், பத்துப் பேர் காதில் விழும்படி. நானா அந்த மாலைகளோடு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிந்தித் தந்தாலும் தந்தார், அவரோடு எனக்கு இனிக் கணக்கில்லை.

இன்ஜின் முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. இன்றைக்கு இவருடைய வேலை. சன்னலில் முழங்கையை ஊன்றி, திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கொஞ்சம் தூக்கி, வா என்பது போல அசைத்தார். எல்லோருக்கும் முன்னால், ஊரறிய. படிகளின் பக்கத்தில் யாரும் இல்லை. கோச்சி புறப்பட இன்னும் நேரம் இருந்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இவருக்கும் ஒரு நாள் ஹஜ்ஜுக்குப் போக வசதி வரும். அன்றைக்கு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் மாடிக்கு ஏறி வந்து என் கையைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும் சோறு கட்டிக் கொடுப்பேன், தண்ணீர் சுட வைப்பேன்.